கட்டம் கட்டமாய்த் தமிழ் தெரிந்த காலம்

ஆண்ட்ராய்டு இயங்குதளத்துடன் கடைக்கு வந்த முதல் கைப்பேசி ஜி1. எச்டிசி தயாரித்து, டி-மொபைல் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை வெளிப்படும். அந்தப் போனில் தமிழில் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வரிசைகட்டி நிற்கும். ஆண்ட்ராய்டின் மெனுவே தமிழில் வந்தது 2014 நவம்பரில் வெளியான 5.0 பதிப்பில்தான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் தமிழ்ச் செயலி எழுதியவர்கள் என்ன செய்து சமாளித்தார்கள் என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும். பழந்தமிழ் நூல்களைப் போனில் படிக்கத் தரும் செயலிகளைச் சென்னையில் ஒரு சிறு குழுவோடு அப்போது செய்துகொண்டிருந்தவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

ஒரு செயலியை ஒருமுறை எழுதிவிட்டால் எல்லாப் போனிலும் ஓடும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏபிஐ எண் என்று ஒன்று உண்டு. 1.5க்கு 3, 2.2க்கு 8, 4.0க்கு 14, 5.0க்கு 21. செயலி எழுதுகிறவர் இதில் இரண்டு எண்களைத் தன் நிரலில் குறித்தாக வேண்டும். இந்த எண்ணுக்குக் கீழே உள்ள போனில் என் செயலி ஏறாது என்று சொல்வது முதல் எண். அதை மின்எஸ்டிகே என்போம். இந்தப் பதிப்பின் விதிகளுக்கு உட்பட்டு எழுதியிருக்கிறேன் என்று சொல்வது இரண்டாவது, அது டார்கெட்எஸ்டிகே. கீழ் எண்ணில் தொடங்கி அன்றைய புதுப் பதிப்பு வரை உள்ள அத்தனைக்கும் நாம்தான் பொறுப்பு. ஒரு பதிப்பில் இருக்கும் வசதி அதற்கு முந்தையதில் இருக்காது. அங்கே வேறு வழி பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் பாதி நேரம் அதற்கே போகும்.

அந்தக் காலத்தில் பதிப்புகள் வந்த வேகத்தைப் பாருங்கள். 2009 ஏப்ரலில் 1.5, செப்டம்பரில் 1.6, அக்டோபரில் 2.0. 2010 ஜனவரியில் 2.1, மே மாதம் 2.2, டிசம்பரில் 2.3. இருபது மாதத்தில் ஆறு பதிப்புகள். ஆனால் புதுப் பதிப்பு வந்துவிட்டது என்பதால் கையில் இருக்கும் போன் புதிதாகிவிடாது. கூகுள் வெளியிடும் மூலநிரலைச் சிப் தயாரிப்பவர் தன் சிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அதை வாங்கிப் போன் நிறுவனம் தன் தோற்றத்தையும் வசதிகளையும் சேர்க்க வேண்டும். பிறகு சோதித்து அனுப்ப வேண்டும். விலை குறைந்த போன்களுக்கு இத்தனை வேலையும் செய்ய யாரும் முன்வரவில்லை. பெட்டியைப் பிரித்தபோது எந்தப் பதிப்பு இருந்ததோ, போன் சாகும்வரை அதே பதிப்புதான். 2010 டிசம்பரில் வந்த 2.3தான், இரண்டு ஆண்டு கழித்து 2012 டிசம்பரிலும் உலகின் ஆண்ட்ராய்டு போன்களில் ஏறத்தாழப் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் 4.2 வரை வெளிவந்தாகிவிட்டது.

நம் ஊர்க் கடைகளில் அன்று அதிகம் கண்ணில் பட்டது சாம்சங் கேலக்ஸி ஒய். மூன்று அங்குலத் திரை, 240க்கு 320 புள்ளிகள், ஆண்ட்ராய்டு 2.3. அதன் பக்கத்தில் மைக்ரோமேக்ஸ், கார்பன் போன்கள். முதன்முதலாக இணையத்தைத் தொட்ட எத்தனையோ பேருக்கு அதுவே முதல் கணினியும்கூட. எங்கள் வாசகர்கள் அவர்கள்தான். 4.0 வைத்திருப்பவருக்கு மட்டும் எழுதுவதென்றால், நாங்கள் யாருக்காகத் தொழில் தொடங்கினோமோ அவர்களில் பெரும்பாலோரை வாசலிலேயே நிறுத்துவதாக ஆகியிருக்கும்.

பதிப்புக்குப் பதிப்பு வேறு வழி தேடும் இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதல்ல. விண்டோஸ் 95, 98 காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொதித்த எழுத்துருக்களை வைத்தே வேலை நடந்தது. இதழுக்கு ஒரு எழுத்துரு, நிறுவனத்துக்கு ஒரு குறியீடு. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் குப்பையாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களை முதலில் மயிலை, திஸ்கி என்ற குறியீடுகளில்தான் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வகுக்கப்பட்டன. அடுத்து வந்த விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. அதிலும் 2001இல் வந்த எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய ஒரு சடங்கு உண்டு. கண்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். உடனே கணினி எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி எத்தனை வீடுகளில் இருந்தது? 2007இல் விஸ்டா வந்த பிறகே அந்தச் சடங்கு ஒழிந்தது. ஆக, 98க்கு ஒரு வழி, 2000க்கு ஒரு வழி, எக்ஸ்பிக்கு ஒரு வழி என்று மென்பொருள் எழுதிய தலைமுறை எங்களுக்கு முன்பே இருந்தது. ஆண்ட்ராய்டில் அதே வேலையை உள்ளங்கை அளவுத் திரையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

தமிழுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு என்பதைப் பொங்கல் என்ற ஒரு சொல்லை வைத்துச் சொல்லிவிடலாம். யூனிகோடில் இந்தச் சொல் ஏழு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. உச்சரிக்கும் வரிசை அது. பார்க்கும் வரிசை வேறு. ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை ப-வுக்கு முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும்; புள்ளியை ங-வின் தலையில் ஏற்ற வேண்டும். இந்த அடுக்கும் வேலையைச் செய்ய இயங்குதளத்துக்குள் ஒரு நிரல் வேண்டும். ஆண்ட்ராய்டு 2.3 வரை அது இல்லை. எழுத்துருவும் இல்லாததால் கட்டங்கள் தெரிந்தன. நாங்களாக ஒரு யூனிகோடு எழுத்துருவைச் செயலிக்குள் வைத்துக் காட்டினால் கட்டங்கள் மறைந்தன. ஆனால் ப முதலில் வந்து, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. புள்ளி தலையில் ஏறாமல் பக்கத்தில் நின்றது. மு, கூ போன்றவை உடைந்து, குறி தனி, மெய் தனி என்று கிடந்தன. படிக்கிறவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகித்துப் படிக்க வேண்டும்.

இணையம் மேய்ந்தவர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஓப்பரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் கடைசிப் பக்கமாக இறங்கி, சிக்கலான வரிவடிவங்களுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்து என்ற வரியில் ஆம் என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். அதன் பிறகு தமிழ் எழுத்துகளை ஓப்பராவின் சர்வரே படமாக வரைந்து அனுப்பும். போனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் படம் காட்டத் தெரியுமே. நண்பருக்கு நண்பர் சொல்லிக்கொடுத்துத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வளைகுடாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் போனில் தமிழ் படித்தார்கள். ஆனால் அது உலாவிக்குள் மட்டும். செயலிக்கு அந்த வழி கிடையாது.

நாங்கள் கண்ட வழி, பழைய காலத்துக்கே திரும்பிப் போவது. திஸ்கி, டாப், பாமினி போன்ற பழைய குறியீடுகளில் எழுத்துகள் பார்க்கும் வரிசையிலேயே இருக்கும். அடுக்கும் வேலை தேவையில்லை. இடமிருந்து வலமாக வரிசையாக வரையத் தெரிந்தால் போதும். ஆண்ட்ராய்டு 1.6க்கும் அது தெரியும். எனவே செயலியின் அசெட்ஸ் கோப்புறையில் ஒரு பழைய குறியீட்டு எழுத்துருவை வைத்தோம். நூல் யூனிகோடிலேயே இருக்கும். திரையில் காட்டும் நொடியில் மட்டும் அதை மாற்றிக் காட்டுவோம். பொங்கலின் ஏழு குறிகள் கொம்பு, ப, கால், ங், க, ல் என்று ஆறு வடிவங்களாகிவிடும். மாற்றும் பட்டியலை எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. கௌ, கோ, கொ ஆகியவற்றை முதலில் மாற்ற வேண்டும். பிறகு கை, கே, கெ. பிறகு கூ, கு, கி. வெறும் க கடைசியில். வரிசை பிசகினால் க மட்டும் முதலில் மாறிவிடும். குறிகள் அனாதையாக நிற்கும். பதினெட்டு மெய்க்கும் கிரந்தத்துக்கும் இதே ஒழுங்கு. தமிழ்ச் செயலி எழுதிய பலர் தனித்தனியாக இதே பட்டியலைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். சிலர் தங்கள் பட்டியலை இலவசமாக வெளியிட்டு மற்றவர்களின் உழைப்பை மிச்சப்படுத்தினார்கள். அவர்களுக்கு இந்தத் தொழில் கடன்பட்டிருக்கிறது.

இந்த வழிக்கும் எல்லை இருந்தது. திரைக்கு மேலே வரும் அறிவிப்பை வரைவது செயலி இல்லை, இயங்குதளம். நம் எழுத்துருவை அங்கே செலுத்த முடியாது. அதனால் அன்றைய குறளை அறிவிப்பில் காட்ட, அதை முதலில் ஒரு படமாக வரைந்து, படத்தை அனுப்பினோம். விசைப்பலகைச் செயலி எழுதியவர்களுக்கும் இதே கதைதான். 1.5 பதிப்பிலேயே வெளியார் விசைப்பலகைக்கு ஆண்ட்ராய்டு கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அ என்ற எழுத்தை விசைமேல் காட்டக்கூடப் படம் தேவைப்பட்டது.

பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுத்தால் போதுமே என்று தோன்றும். ஏபிஐ எண் 14க்குக் கீழே என்றால் மாற்றிக் காட்டு, 14ஓ அதற்கு மேலோ என்றால் அப்படியே விடு. காகிதத்தில் அது சரி. 2011 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 4.0இல் தமிழ் எழுத்துருவும் அடுக்கும் நிரலும் மூலத்திலேயே சேர்ந்துவிட்டன. ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் 2.3 போன்களிலேயே தமிழைச் சொந்தமாகச் சேர்த்திருந்தன. வேறு சிலவற்றில் எழுத்துரு இருந்தது, அடுக்கும் நிரல் இல்லை. நினைவகத்தை மிச்சப்படுத்த எழுத்துருவை எடுத்துவிட்ட புதுப் போன்களும் வந்தன. எண் ஒன்று சொல்ல, போன் வேறு செய்தது.

எனவே எண்ணை விட்டுவிட்டுப் போனையே கேட்க ஆரம்பித்தோம். செயலி முதன்முறை திறக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படப்பலகையில் க என்ற எழுத்தை வரையும். பிறகு எந்த எழுத்துருவிலும் இல்லாத ஒரு குறியை வரையும். இரண்டு படமும் ஒன்றாக இருந்தால் அது வெற்றுக் கட்டம். போனில் தமிழ் எழுத்துரு இல்லை. அடுத்து கெ என்று வரையும். அதன் இடப்பக்கம் வெறும் க-வின் படத்தோடு ஒத்துப்போனால் கொம்பு பின்னால் போய்விட்டது என்று பொருள். அடுக்கும் நிரல் இல்லை. இரண்டு சோதனையிலும் தேறிய போனுக்கு யூனிகோடு, தேறாததற்குப் பழைய எழுத்துரு. ஒரு எழுத்து போனில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கும் வசதியை ஆண்ட்ராய்டு தந்தது 2015இல், 6.0 பதிப்பில். எங்களுக்கு அது மிகவும் தேவைப்பட்ட காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

இந்தச் சோதனை எழுதப்பட்டதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேசினார். “தம்பி, புதுப் போன் வாங்கிக் குடுத்தான் பையன். உங்க ஆப்ல கம்பராமாயணத்தைத் தொறந்தா கட்டம் கட்டமா வருது. பழைய போன்ல நல்லாத்தானே இருந்துச்சு?”

“ஐயா, போன்ல செட்டிங்ஸ் போய் ‘அபௌட்’னு இருக்கும் பாருங்க, அதுல பதிப்பு எண் என்ன போட்டிருக்கு?”

“நாலு புள்ளி பூஜ்யம்னு இருக்கு. பெரிய எண்ணுதானே தம்பி? பெருசானா நல்லாத்தானே தெரியணும்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எண் பெரிதாக இருந்ததால் மாற்றத் தேவையில்லை என்று செயலி ஒதுங்கிக்கொண்டது. போனில் எழுத்துரு இல்லை. அடுத்த வெளியீட்டில் போனைச் சோதிக்கும் நிரல் சேர்ந்தது. அவருக்குக் கம்பராமாயணம் திரும்பக் கிடைத்தது.

தமிழைத் தாண்டி எல்லாருக்கும் பொதுவான தொல்லைகளும் இருந்தன. அன்றைய டால்விக் என்னும் இயக்கி, ஒரு நிரல்பகுதியை ஏற்றும்போதே முழுக்கச் சரிபார்க்கும். பழைய பதிப்பில் இல்லாத ஒரு கட்டளை அதில் இருந்தால், அதை நாம் இயக்கவே போவதில்லை என்றாலும், செயலி திறந்த வேகத்தில் விழுந்துவிடும் அபாயம் உண்டு. புதுப் பதிப்புக்கான கட்டளைகளைத் தனிப் பெட்டியாகப் பிரித்துவைத்து, பதிப்பைப் பார்த்த பிறகே அந்தப் பெட்டியைத் தொடுவது அன்றைய வழக்கம். 2011இல் டேப்லெட்டுக்காக வந்த 3.0, மேற்பட்டையையும் திரைத் துண்டுகளையும் புதிதாகக் கொண்டுவந்தபோது, பழைய போன்களில் அவை இல்லை. கூகுள் அதே ஆண்டு ஒத்திசைவுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டுத் திரைத் துண்டுகளைப் பழைய பதிப்புகளுக்கும் தந்தது. மேற்பட்டையைத் தந்தவர் ஜேக் வார்ட்டன் என்ற தனி நிரலாளர். அவருடைய ஆக்‌ஷன்பார்ஷெர்லாக், 2013இல் கூகுளே சொந்தமாக ஒன்றைத் தரும்வரை, உலகெங்கும் செயலிகளைத் தாங்கியது. நாங்களும் அதன்மேல்தான் நின்றோம்.

இந்த ஆண்டுகளில் எடுத்த முடிவுகளிலேயே மிக முக்கியமானது, நூலை யூனிகோடில் சேமித்து, காட்டும்போது மட்டும் மாற்றியது. வேறு வழியும் இருந்தது. நூல் முழுவதையும் பாமினியிலேயே தட்டச்சு செய்து செயலிக்குள் வைத்துவிட்டால் வேலை எளிது. அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். 4.0 பரவியபோது அவர்களுடைய நூல்களில் ஒரு சொல்லைத் தேட முடியவில்லை. ஒரு பத்தியை நண்பருக்கு அனுப்பினால் ஆங்கிலக் குப்பையாகப் போய்ச் சேர்ந்தது. யூனிகோடில் வைத்தவர்கள் மாற்றும் நிரலை நீக்கினார்கள், அவ்வளவுதான். மியான்மரில் இது ஒரு நாட்டுப் பிரச்சினையாகவே ஆனது. அங்கே போன்களில் ஜாஜி என்ற தரமற்ற குறியீடு வேரூன்றிவிட்டது. செய்தி, தேடல், அரசு ஆவணம் எல்லாம் இரண்டாகப் பிளந்தன. கடைசியில் 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்து நாடே யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றிருந்தது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. போன் பழையது என்பதற்காக மொழியின் சேமிப்பைக் கெடுக்கக்கூடாது என்பதை நான் கற்றது இங்கேதான்.

2012இல் வந்த 4.1 கன்னடம், தெலுங்கு, மலையாளத்தையும் சேர்த்துக்கொண்டது. 2014 செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமான ஆண்ட்ராய்டு ஒன் போன்கள் 6,500 ரூபாய்க்குள் 4.4 பதிப்பைத் தந்தன. நவம்பரில் 5.0 வந்தது. விலை குறைந்த போனிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. மாற்றும் பட்டியலை எங்கள் செயலியிலிருந்து நீக்கியபோது அதன் எடையும் குறைந்தது, வேகமும் கூடியது. 2017இல் கூகுள் பிளே சர்வீசஸ் 2.3க்கான ஆதரவை நிறுத்தியது. அந்தக் காலம் முறைப்படி முடிந்தது.

இதற்கிடையே நெருக்கடி மேலிருந்து, புதுப் பதிப்புகளிலிருந்து வரத் தொடங்கியிருந்தது. 6.0 முதல், செயலி அனுமதிகளை ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 10, 11 பதிப்புகள் போனின் பொதுச் சேமிப்பிடத்தில் விருப்பம்போல் எழுதுவதைத் தடுத்தன; அங்கே நூல்களைச் சேமித்த செயலிகள் அவற்றைத் தேடி அலைந்தன. 2018 முதல், டார்கெட்எஸ்டிகே எண்ணை ஆண்டுதோறும் உயர்த்தாவிட்டால் பிளே ஸ்டோர் புது வெளியீட்டை ஏற்பதில்லை. தனியுரிமைக்கு இவை நல்லவை, நான் வரவேற்கிறேன். ஆனால் சம்பளம் வாங்காமல் ஆர்வத்தால் எழுதப்பட்ட எத்தனையோ தமிழ்ச் செயலிகள் இந்த ஓட்டத்தில் பின்தங்கிக் கடையிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றோடு, அவற்றை எழுதியவர்கள் தட்டச்சு செய்த நூல்களும் போய்விடக் கூடாது. அந்தப் பிரதிகளை யூனிகோடில் வெளியே எடுத்து, பொதுவில் வைப்பது உடனே செய்ய வேண்டிய வேலை.

இன்று செயலி எழுத வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். மின்எஸ்டிகே என்ற எண்ணைக் கருவி காட்டும் இயல்புநிலையில் விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணை ஒன்று கூட்டினால் உங்கள் நிரலில் சில வரிகள் குறையும். எங்கோ ஒரு கிராமத்தில் அண்ணனின் பழைய போனை வைத்துப் படிக்கும் பிள்ளையின் திரையில் உங்கள் செயலி ஏறாமலும் போகும். பழைய போன் வைத்திருப்பவர் விரும்பி வைத்திருக்கவில்லை. வசதி இல்லாமல் வைத்திருக்கிறார். ஆதரவை என்றைக்காவது நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தும் முன் யார் வெளியே நிற்கப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மேசையில் ஒரு மலிவான பழைய போன் எப்போதும் இருக்கட்டும். ஒவ்வொரு வெளியீட்டையும் முதலில் அதில் ஏற்றி, பொங்கல் என்ற சொல் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.